மாமா கட்டிய வால்வு பெட்டியில் கெயின் போதவில்லை: மூன்றாவது படி சேர்க்கலாமா?

வாடைக்காற்று | தங்கச்சிமடம் | நவம்பர் 9, இரவு 10.12

எல்லோருக்கும் வணக்கம். எட்டு ஆண்டுகளாகக் கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். என் தாய்மாமா பாம்பனில் ரேடியோ பழுது பார்த்தவர். அவர் இறந்த பிறகு அத்தை பட்டறையைக் காலி செய்தபோது ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயர் என் பங்குக்கு வந்தது. பழைய வால்வு ரேடியோவின் டிரான்ஸ்ஃபார்மரை எடுத்து அவரே கட்டியது. உள்ளே மூன்று வால்வுகள்: முன்னால் சமிக்ஞையைப் பெருக்க ஒரு ஈசிசி83, பின்னால் ஸ்பீக்கரை ஓட்ட ஒரு ஈஎல்84, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயராக ஒரு ஈஇசட்80. வால்யூம், பாஸ், டிரெபிள் என மூன்று குமிழ்கள். உறுப்புகளைத் தாங்கும் சேஸி, படகின் ஐஸ் பெட்டியில் அடித்திருந்த அலுமினியத் தகடு. ஆணித் துளைகளில் இன்னும் மீன் வாடை இருப்பதாக என் மனைவி சொல்கிறாள்.

ஒலி சுத்தமாக இருக்கிறது. என் குறையே அதுதான். வால்யூமைப் பத்தில் வைத்துக் கம்பியை அறைந்தாலும் ஒலி உடைய, அதாவது சிதைந்து கரகரக்க, மறுக்கிறது. நான் தேடுவது, மெதுவாக மீட்டினால் தெளிவாகவும் அழுத்தி மீட்டினால் கரகரத்தும் வரும் அந்த ஒலி. கெயினைக் கூட்ட, அதாவது சமிக்ஞையை இன்னும் பெருக்க, தேடிப் பார்த்ததில் மூன்று வழிகள் கிடைத்தன: இன்னொரு ஈசிசி83 வைத்து மூன்றாவது படி (பெருக்கும் கட்டம்) சேர்ப்பது, வால்வின் கேத்தோடு முனையில் உள்ள 1.5 கே (கே என்றால் ஆயிரம் ஓம்) ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 820 ஓம் வைப்பது, அதன் குறுக்கே உள்ள கண்டன்சரை 0.68 மைக்ரோஃபாரட் ஆக்குவது. மூன்றையும் செய்துவிடலாமா?

இன்னொன்று. கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் ஒழுங்காக இருந்த பெட்டி, வாடை தொடங்கியதிலிருந்து அப்பளம் பொரிவது போலப் பொரிகிறது. இரண்டுக்கும் தொடர்பு இருக்குமா என்று தெரியவில்லை.

மைக்செட்காரர் | மண்டபம் | நவம்பர் 9, இரவு 10.40

தம்பி, ஒரு டிஸ்டார்ஷன் பெடல் வாங்குங்கள். ஒன்பது வோல்ட் பேட்டரியில் உங்களுக்கு வேண்டிய கரகரப்பு வந்துவிடும். பெரியவர் கட்டி வைத்த பொருளை ஏன் அறுக்க வேண்டும்?

நூறு கே | கீழக்கரை, இப்போது சார்ஜா | நவம்பர் 10, காலை 12.25

பெடல் வேறு, வால்வு உடைவது வேறு. அந்தச் சண்டை பிறகு. முதலில் கணக்குப் பார்ப்போம்.

ஈசிசி83, அமெரிக்கப் பெயரில் 12ஏஎக்ஸ்7. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு டிரையோடுகள், ஒவ்வொன்றும் ஒரு படி. டிரையோடுக்கு மூன்று முனைகள்: சமிக்ஞை நுழைவது கிரிட், பெருகி வெளியேறுவது பிளேட், மூன்றாவது கேத்தோடு. ஒவ்வொன்றின் பெருக்கெண் 100. பிளேட் ரெசிஸ்டர் 100 கே, வால்வின் உள்தடை சுமார் 62 கே என்றால், கேத்தோடு ரெசிஸ்டருக்குக் குறுக்கே பைபாஸ் கண்டன்சர் உள்ள ஒரு படி ஏறக்குறைய 60 மடங்கு பெருக்கும். கண்டன்சர் இல்லாமல் 1.5 கே மட்டும் இருந்தால் 32 மடங்கு. ஏறத்தாழப் பாதி, அதாவது 6 டெசிபெல் நட்டம்.

உங்களிடம் ஏற்கெனவே இரண்டு படிகள் உள்ளன. கிட்டார் பிக்கப்பிலிருந்து அழுத்தி மீட்டும்போது 100 மில்லிவோல்ட் வருகிறது என்று வையுங்கள். இரண்டு முறை அறுபதால் பெருக்கினால் 360 வோல்ட்! ஈஎல்84-இன் கிரிட்டுக்கு 7 வோல்ட் போனாலே அது உடையத் தொடங்கும். தேவையைப் போல ஐம்பது மடங்கு கெயின் காகிதத்தில் இருக்கிறது, ஒலியில் இல்லை. இந்த நிலையில் மூன்றாவது படி சேர்ப்பது, ஓட்டைக் குடத்துக்கு இன்னொரு குழாய் திறப்பது போன்றது. எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். சுற்றை வரைந்து போட முடியுமா?

பழைய ரேடியோ | ராமநாதபுரம் | நவம்பர் 10, காலை 6.05

தம்பிக்கு வணக்கம். நாற்பது ஆண்டுகள் ரேடியோ பட்டறை நடத்தியவன் நான். சுற்றை வரைவதற்கு முன்னால், பெட்டியைத் திறப்பதற்கும் முன்னால், ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். வால்வுகளின் பெயர் ஈ-யில்தான் தொடங்குகிறதா? எழுத்தை நன்றாகப் பார்த்தீர்களா?

ஏன் கேட்கிறேன் என்றால், அந்தக் காலத்தில் யூஎல்84, யூசிஎச்81 என்று யூ-வில் தொடங்கும் வால்வு போட்ட செட்டுகளும் வந்தன. ஏசி, டிசி இரண்டிலும் ஓடுபவை. அவற்றில் மெயின் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. வால்வைச் சூடாக்கும் ஃபிலமென்ட்டுகள் எல்லாம் 100 மில்லி ஆம்பியரில் தொடராக இருக்கும். மெயின் கரண்டின் ஒரு கம்பி நேராகச் சேஸிக்கே வந்திருக்கும். மரப்பெட்டிக்குள், பிளாஸ்டிக் குமிழுக்குப் பின்னால் இருந்தவரை யாருக்கும் ஆபத்தில்லை. அதில் கிட்டாரைச் செருகினால், கம்பிகள் வழியாக அந்தக் கரண்ட் கைக்கே வந்து சேரும். பிளக்கை எந்தப் பக்கம் செருகினோம் என்பதில்தான் உயிர் இருக்கும்.

உங்களுடையது டிரான்ஸ்ஃபார்மர் செட் என்றால் நல்லது. அப்படியானாலும் மூன்றாவது பின், வீட்டு எர்த்துக்கு உண்மையிலேயே போகிறதா என்று சோதியுங்கள். நம் கடற்கரையில் எர்த் குழி மணலில் இருக்கும். கோடையில் மணல் காய்ந்தால் அந்த எர்த் பெயருக்குத்தான்.

அதன் பிறகு திறக்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டன்சரில் 250 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். 10 கே, 5 வாட்ஸ் ரெசிஸ்டரை நன்றாக இன்சுலேட் செய்த கம்பியில் பற்றவைத்து, கண்டன்சருக்கும் சேஸிக்கும் குறுக்கே சில விநாடிகள் பிடியுங்கள். பிறகு மீட்டர் வைத்துப் பூஜ்யம் என்று பார்த்த பிறகே கை வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் பொறி பறக்க இறக்குவதை வீரம் என்று நினைப்பவர்கள் உண்டு. கண்டன்சருக்கும் கேடு, கண்ணுக்கும் கேடு. கரண்ட் இருக்கும்போது அளந்தால் இடது கை சட்டைப்பையில் இருக்கட்டும். காலில் ரப்பர் செருப்பு.

வாடைக்காற்று | தங்கச்சிமடம் | நவம்பர் 11, இரவு 9.30

ஐயா, எழுத்துகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஈ-தான். ஈஎல்84-இல் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் முத்திரை இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரும் உண்டு. எர்த் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரியாகப் போயிற்று: எங்கள் வீட்டு பிளக்பாயின்ட்டில் மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை. இத்தனை நாள் எப்படி வாசித்தேன் என்று நினைத்தால் கை கூசுகிறது. எலெக்ட்ரீஷியன் வந்து சரிசெய்துவிட்டார்.

சுற்றை வரைந்தேன். படம் ஏற்ற முடியவில்லை, எழுதுகிறேன். முதல் டிரையோடு: பிளேட்டில் 100 கே, கேத்தோடில் 1.5 கே, குறுக்கே 25 மைக்ரோஃபாரட். அங்கிருந்து 0.022 கண்டன்சர் வழியாக பாஸ், டிரெபிள் குமிழ்கள், பிறகு வால்யூம். இரண்டாவது டிரையோடும் அதே மதிப்புகள்தான், ஆனால் கேத்தோடில் கண்டன்சர் இல்லை. பதிலாக, ஸ்பீக்கர் முனையிலிருந்து ஒரு 47 கே ரெசிஸ்டர் அங்கே வந்து சேர்கிறது. இதைத்தான் புரிந்துகொள்ள முடியவில்லை. தவறுதலாகப் போட்டிருப்பாரோ?

மூடியின் உட்புறத்தில் மாமா பென்சிலில் எழுதியிருக்கிறார்: "பேச்சு தெளிவு. தட்டு சுமார்."

தாழ்ந்த சுருதி | கீழக்கரை | நவம்பர் 11, இரவு 9.52

தட்டு என்றால் கிராமஃபோன் இசைத்தட்டாக இருக்குமோ?

நூறு கே | கீழக்கரை, இப்போது சார்ஜா | நவம்பர் 11, இரவு 11.48

அதேதான். இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. தம்பி, உங்கள் மாமா கட்டியது கிட்டார் ஆம்ப் அல்ல. மைக்கில் பேசவும் இசைத்தட்டு கேட்கவும் ஒரு பெட்டி. உடையவே கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கட்டியிருக்கிறார். 47 கே தவறு அல்ல. வேலையிலேயே அதுதான் அழகு.

வரிசையாகப் போகிறேன். குமிழ்கள் இரண்டும் பாக்சண்டால் வகை டோன் சுற்றாக இருக்க வேண்டும். 1952-இல் பீட்டர் பாக்சண்டால் வெளியிட்ட சுற்று. அதிலிருந்து பிறந்த எளிய வடிவம் ரேடியோக்களில் சாதாரணம். குமிழ்களை நடுவில் வைத்தால் அது சமிக்ஞையைப் பத்தில் ஒரு பங்காக்கிவிடும். பாஸும் டிரெபிளும் ஏறுவதற்கு இடம் விட, மற்ற எல்லாவற்றையும் முதலிலேயே இறக்கிவிடுகிறது.

அடுத்து அந்த 47 கே. ஸ்பீக்கரில் வரும் ஒலியின் ஒரு சிறு பகுதியைத் திருப்பி இரண்டாவது கேத்தோடுக்குக் கொடுக்கிறது. எதிர்ப் பின்னூட்டம். வெளியே ஏதாவது சிதைந்தால், அந்தச் சிதைவு உள்ளே வந்து தன்னையே கழித்துக்கொள்ளும். இதற்கு விலை கெயின். உங்கள் மதிப்புகளுக்கு இரண்டரை மடங்கு குறையும் என்று கணக்கிடுகிறேன்.

இப்போது மீண்டும் பெருக்குங்கள். 0.1 வோல்ட், முதல் படியில் 60 மடங்கு, 6 வோல்ட். டோன் சுற்றில் பத்தில் ஒன்று, 0.6. இரண்டாம் படியில் 32, பின்னூட்டத்தால் இரண்டரையால் வகுத்தால் ஏறக்குறைய 7.7 வோல்ட். ஈஎல்84 உடையும் விளிம்பு 7.3. ஆக, பத்தில் வைத்து அறைந்தால் கொஞ்சமாவது உடைந்திருக்க வேண்டும். கொஞ்சமும் இல்லை என்கிறீர்கள். எங்கோ இன்னும் ஒரு மடங்கு காணாமல் போகிறது.

மைக்செட்காரர் | மண்டபம் | நவம்பர் 12, காலை 7.15

எங்கே போகும்? மின்வாரியத்துக்குத்தான் போகும். ஏழு மணிக்கு மேல் எங்கள் தெருவில் 190 வோல்ட் தாண்டாது. தம்பி எப்போது வாசிக்கிறார், வேலை முடிந்து இரவில்தானே? அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

வாடைக்காற்று | தங்கச்சிமடம் | நவம்பர் 13, இரவு 8.20

அளந்தேன். பகலில் மெயின் 228: ரெக்டிஃபயருக்குப் பின் 262 வோல்ட், முதல் பிளேட் 154, கேத்தோடு 1.28, இரண்டாவது பிளேட் 151, கேத்தோடு 1.3, ஈஎல்84 கேத்தோடு 150 ஓம் மேல் 7.4, ஃபிலமென்ட் 6.3.

இரவு எட்டு மணிக்கு மெயின் 188! ரெக்டிஃபயருக்குப் பின் 214, ஃபிலமென்ட் 5.2. மைக்செட் அண்ணன் சொன்னது சரி.

நூறு கே | கீழக்கரை, இப்போது சார்ஜா | நவம்பர் 13, இரவு 10.05

அளவு சரி, முடிவு தவறு. பவர், வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு போகிறது. 188-க்கு இறங்கினால் மூன்றில் ஒரு பங்கு பவர் போய்விடும், உண்மை. ஆனால் சமிக்ஞை ஏறக்கூடிய மேல் கூரை இறங்கினால் ஒலி சீக்கிரம் உடையும், தாமதமாக அல்ல. வேண்டுமென்றே மெயினைக் குறைத்து வாசித்த ராக் கிட்டார்காரர்களும் உண்டு. உங்கள் கெயின் குறைவுக்கு மின்வாரியத்தைக் குற்றம் சொல்ல முடியாது.

மைக்செட்காரர் | மண்டபம் | நவம்பர் 13, இரவு 10.20

சார்ஜாவில் உட்கார்ந்துகொண்டு எங்கள் மின்வாரியத்துக்கு வக்காலத்து வாங்க வேண்டாம்.

பழைய ரேடியோ | ராமநாதபுரம் | நவம்பர் 14, காலை 5.50

இருவர் சொல்வதிலும் பாதி சரி. ஃபிலமென்ட்டுக்கு 6.3-இல் பத்து சதவீதம் கூடக் குறையலாம், 5.2 அதற்கும் கீழே. வால்வு முழுச் சூட்டுக்கு வராது, ஒலி மந்தமாகும். ஃபிரிட்ஜுக்கு வைக்கும் ஸ்டெபிலைசர் ஒன்றைப் போடுங்கள், தீர்ந்தது. ஆனால் காணாமல் போன மடங்கு அதுவல்ல.

கொடுத்த எண்களை எல்லாம் பார்த்தேன். நோயே இல்லாத எண்கள். அதுதான் எனக்குச் சந்தேகத்தைத் தருகிறது. டிசி மீட்டரின் கண்ணுக்குத் தெரியாமல் ஒரே ஒரு உறுப்பு சாக முடியும்: கேத்தோடு கண்டன்சர். எலெக்ட்ரோலிட்டிக் கண்டன்சருக்குள் ஈரம் உண்டு. முப்பது, நாற்பது ஆண்டில் அது காய்ந்துவிடும். காய்ந்தால் அந்த இடத்தில் கண்டன்சர் இல்லாதது போல்தான். பிளேட் வோல்ட்டேஜ் மாறாது, கேத்தோடு வோல்ட்டேஜ் மாறாது, கெயின் மட்டும் பாதியாகும். நூறு கே தம்பி சொன்ன 60, உங்கள் பெட்டியில் 32 ஆகத்தான் இருக்கும்.

சோதனை எளிது. புதிய 22 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கண்டன்சரை எடுத்து, பிளஸ் முனை கேத்தோடு பக்கமாக, பழையதன் மேலேயே பற்றவையுங்கள். பெட்டியை மூடிப் போட்டுப் பாருங்கள். ஒலி துள்ளினால் பழையது செத்தது என்று பொருள். பட்டறையில் முனைகளை விரலால் பிடித்துக்கொண்டே பார்ப்போம். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம், பக்கத்திலேயே பிளேட் முனை 154 வோல்ட்டோடு நிற்கிறது.

தாழ்ந்த சுருதி | கீழக்கரை | நவம்பர் 14, காலை 9.10

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் பேஸ் கிட்டார் வாசிப்பவள், எலெக்ட்ரானிக்ஸ் தெரியாது. குறுக்கே ஒரு கண்டன்சர் வைத்தால் கெயின் ஏன் கூடுகிறது? அதன் வழியாக ஒலி போவதில்லையே. நூறு கே காக்கா (அண்ணா), சமன்பாடு இல்லாமல் சொல்ல முடியுமா?

நூறு கே | கீழக்கரை, இப்போது சார்ஜா | நவம்பர் 14, மதியம் 1.30

முயல்கிறேன், தங்கச்சி. கிரிட்டில் சமிக்ஞை ஏறும்போது வால்வில் கரண்ட் கூடும். அந்தக் கரண்ட் கேத்தோடு ரெசிஸ்டர் வழியாகப் போவதால் கேத்தோடின் வோல்ட்டேஜும் ஏறும். வால்வு பார்ப்பது கிரிட்டுக்கும் கேத்தோடுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே. இரண்டும் சேர்ந்து ஏறினால் வித்தியாசம் சுருங்கும், கெயின் குறையும். இல்லை, இதுவும் சமன்பாடு போலத்தான் இருக்கிறது.

பழைய ரேடியோ | ராமநாதபுரம் | நவம்பர் 14, மாலை 4.40

அம்மா, பாய் விரித்து ஓடும் வத்தையைப் பார்த்திருப்பீர்கள். காற்று தள்ளும்போது படகு சாயாமலிருக்க, குறுக்குப் பலகையின் நுனியில் ஓர் ஆள் போய் உட்காருவார். ஒவ்வொரு காற்று வீச்சுக்கும் அவர் வெளியே நகர்ந்து, உள்ளே நகர்ந்து, சமன் செய்துகொண்டே இருந்தால் படகு ஆடவே ஆடாது. அவர்தான் கேத்தோடு ரெசிஸ்டர். காற்று வீச்சு, உங்கள் சமிக்ஞை. ஆட்டம்தான் நமக்கு வேண்டிய ஒலி. கண்டன்சர் என்ன செய்கிறது? "சராசரிக் காற்றுக்கு ஏற்ற இடத்தில் அசையாமல் உட்காரு, ஒவ்வொரு வீச்சுக்கும் எழுந்திருக்காதே" என்று அவரைப் பிடித்து அமர்த்துகிறது. படகு கவிழாது; ஆனால் வீச்சுக்கு வீச்சு நன்றாக ஆடும்.

சிறிய கண்டன்சர் வைத்தால், வேகமான வீச்சுகளுக்கு மட்டும் அவர் அசையாமல் இருப்பார். மெதுவாக வரும் வீச்சுகளுக்கு எழுந்துகொள்வார்.

தாழ்ந்த சுருதி | கீழக்கரை | நவம்பர் 14, மாலை 5.02

புரிந்துவிட்டது! அதனால்தான் 0.68 வைத்தால் தாழ்ந்த சுரங்கள் மெலிகின்றனவா?

நூறு கே | கீழக்கரை, இப்போது சார்ஜா | நவம்பர் 14, இரவு 9.15

ஐயாவிடம் நான் தோற்றேன். ஆம், அதனால்தான். 1.5 கே-யோடு 0.68 மைக்ரோஃபாரட் வைத்தால் சுமார் 156 ஹெர்ட்ஸில் கெயின் ஏறத் தொடங்கி 300-ஐ ஒட்டிப் பெரும்பாலும் முழுமை அடையும். கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ்; அதன் அடிச்சுரம் ஏற்றத்துக்கு வெளியே நின்றுவிடும். 22 மைக்ரோஃபாரட் வைத்தால் கிட்டாரின் எல்லாச் சுரங்களும் சமமாக ஏறும். 1962-இல் லண்டனில் தொடங்கிய மார்ஷல், முதலில் ஃபெண்டர் பேஸ்மேன் சுற்றை ஒட்டித்தான் கட்டியது, பிற்பாடு 2.7 கே-யும் 0.68-உம் வைத்ததில் அந்தக் கம்பெனியின் இறுக்கமான கரகரப்பு வந்தது. உடைவதற்கு முன்னால் பாஸைக் குறைக்க வேண்டும் என்பது அதிலுள்ள பாடம். பாஸ் நிறைய இருக்கும்போது உடைத்தால் ஒலி களியாகிவிடும்.

820 ஓம் மாற்றம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பைபாஸ் இருக்கும்போது அதனால் கெயின் பெரிதாகக் கூடாது. வால்வு நிற்கும் இடம் நகரும், உடையும் விதம் மாறும். உங்களுக்கு இப்போது தேவையில்லை.

வாடைக்காற்று | தங்கச்சிமடம் | நவம்பர் 16, இரவு 7.45

ஐயா, துள்ளியது! புதிய கண்டன்சரைப் பற்றவைத்துப் போட்ட நொடியே தெரிந்தது. வால்யூம் ஒன்பதுக்கு மேல், அழுத்தி மீட்டினால் விளிம்பில் ஒரு சிறு கரகரப்பு. பழையதைக் கழற்றி எடுத்தபோது உள்ளே கலகலவென்று சத்தம், முருங்கை விதை போல.

ஆனால் பொரிதல் அப்படியே இருக்கிறது. இன்று மழை. இப்போது ஈஎல்84-இன் கிரிட்டை அளந்தால் +0.6 வோல்ட் காட்டுகிறது. பூஜ்யம் இருக்க வேண்டும் அல்லவா? வெயில் அடித்த நாளில் பூஜ்யம்தான் இருந்தது.

பழைய ரேடியோ | ராமநாதபுரம் | நவம்பர் 17, காலை 6.20

இரண்டாவது பிளேட்டையும் ஈஎல்84 கிரிட்டையும் இணைக்கும் கப்ளிங் கண்டன்சரை ஒரு முனையில் கழற்றிவிட்டு மீண்டும் அளந்து சொல்லுங்கள். அதுதான் முதல் சந்தேகம். ரேடியோக்களில் ஈஎல்84-ஐக் கொல்வது பெரும்பாலும் அந்த ஒரு கண்டன்சரின் கசிவுதான்.

வாடைக்காற்று | தங்கச்சிமடம் | நவம்பர் 17, இரவு 8.10

கழற்றிய பிறகும் +0.6. அசையவில்லை.

பழைய ரேடியோ | ராமநாதபுரம் | நவம்பர் 18, காலை 6.00

அப்படியானால் கண்டன்சர் நிரபராதி. உப்புதான்.

உறுப்புகள் எந்தப் பலகை மேல் இருக்கின்றன? ஹைலம் (பிசின் ஏற்றி இறுக்கிய) அட்டையா, மரமா? எதுவானாலும், கடற்காற்று நாற்பது ஆண்டு உப்பைப் படிய வைத்திருக்கும். உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். வாடை நாளில் 250 வோல்ட் முனையிலிருந்து கிரிட் முனைக்கு அந்த ஈரப் படலம் வழியாகக் கரண்ட் ஊர்ந்து போகும். அது சீராகப் போகாது, விட்டு விட்டுப் போகும், அதுதான் பொரிதல்.

நூறு கே | கீழக்கரை, இப்போது சார்ஜா | நவம்பர் 18, காலை 8.35

கிரிட் ரெசிஸ்டர் 470 கே என்றால், 0.6 வோல்ட்டுக்குக் கசிவு 1.3 மைக்ரோ ஆம்பியர். ஆக அந்தப் பலகையின் தடை ஏறக்குறைய 200 மெகா ஓம். சாதாரண மல்டிமீட்டரில் அளந்தால் "திறந்த சுற்று" என்றே காட்டும். மீட்டரை நம்பிப் பலகையை விடுதலை செய்துவிடுவோம். வால்வுக்கு மட்டும் தெரிகிறது.

மைக்செட்காரர் | மண்டபம் | நவம்பர் 18, காலை 9.00

ஹேர் டிரையர் போட்டு ஐந்து நிமிடம் பலகையைச் சூடாக்குங்கள். பொரிதல் நின்றால் ஐயா சொல்வது உறுதி. எங்கள் மிக்ஸருக்கு மழைக்காலத்தில் தினமும் இதுதான் காலைப் பூசை. பிறகு ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடுங்கள்.

பழைய ரேடியோ | ராமநாதபுரம் | நவம்பர் 18, காலை 9.40

ஸ்பிரிட் மட்டும் போதாது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் உப்பு சரியாகக் கரையாது. இங்கிருந்து அங்கே இழுத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான். முதலில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைத் தூரிகையில் தொட்டுப் பலகையையும் சாக்கெட்டையும் கழுவுங்கள். குழாய்த் தண்ணீர் கூடாது, நம் ஊர்க் குழாயே உப்பு. அதன் பிறகு ஆல்கஹால், தண்ணீரை வெளியேற்ற. பிறகு ஒரு நாள் முழுக்க மின்விசிறிக்குக் கீழே. டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு துளி படக் கூடாது.

இன்னொரு இடம். சேஸி அலுமினியம் என்றீர்கள். அலுமினியத்தில் ஈயம் ஒட்டாது என்பதால் உங்கள் மாமா எர்த் முனைகளைப் பித்தளை டேக் (கம்பியைப் பற்றவைக்கும் சிறு தகடு) வைத்து ஸ்க்ரூவில் முடுக்கியிருப்பார். பித்தளையும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் சேர்ந்திருந்தால் அலுமினியம் வெள்ளை மாவாக அரிக்கும். டேக்கிலிருந்து சேஸிக்குத் தடை எவ்வளவு என்று பாருங்கள்.

மழைக்காலத்தில் தினமும் அரை மணி நேரம் செட்டைப் போட்டு வையுங்கள் என்று என் வாடிக்கையாளர்களுக்குச் சொல்வது வழக்கம்; வால்வின் சூட்டிலேயே உள்ளே உலர்ந்துவிடும். இலங்கை வானொலி கேட்பதற்காக அவர்கள் நான் சொல்லாமலே நாள் முழுக்கப் போட்டிருந்தார்கள். அந்தக் காலத்துச் செட்டுகள் நீண்ட நாள் உழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

வாடைக்காற்று | தங்கச்சிமடம் | நவம்பர் 23, மாலை 6.30

வேலை முடிந்தது. ஹேர் டிரையரில் பொரிதல் நின்றது. கழுவினேன். பலகை ஹைலம்தான், தூரிகையில் வந்த தண்ணீர் தேநீர் நிறம். டேக் ஒன்றில் 14 ஓம் காட்டியது, தொட்டால் மாறியது. கழற்றினால் கீழே வெள்ளை மாவு. சுரண்டி, பல்வைத்த வாஷர் போட்டு முடுக்கி, மேலே வாசலின் பூசினேன். இப்போது 0.1 ஓம். ஹம் சத்தமும் பாதியாகிவிட்டது, நான் அதைக் குறையாகவே எழுதவில்லை, இயல்பு என்று நினைத்திருந்தேன். கிரிட் இன்று மழையிலும் பூஜ்யம்.

இப்போது எனக்கு ஆசை மிச்சம் இருக்கிறது. மூன்றாவது படி?

நூறு கே | கீழக்கரை, இப்போது சார்ஜா | நவம்பர் 23, இரவு 9.00

கேட்பீர்கள் என்று தெரியும். முடியாது என்று சொல்லமாட்டேன். ஈசிசி83-க்கு ஃபிலமென்ட் 0.3 ஆம்பியர் வேண்டும். அந்த டிரான்ஸ்ஃபார்மர் ரேடியோவில் இருந்தபோது ஈசிஎச்81 போன்ற வால்வுகளுக்கும் கொடுத்தது, அவை இப்போது இல்லை. அதனால் தாங்கும். ஆனால் மூன்று படிகளும் 60 மடங்கு என்றால் இரண்டு லட்சம் மடங்கைத் தாண்டும். முதல் கிரிட்டுக்கும் கடைசிப் பிளேட்டுக்கும் இடையில் ஒரு சாண் தூரம்கூட இல்லாத சேஸியில் அது விசில் அடிக்கும். படிக்குப் படி வடிகட்டிய தனி சப்ளை, ஷீல்டு கம்பி, நடுவில் 470 கே இரண்டு வைத்துப் பாதியை வீசுவது, எல்லாம் வேண்டும். மார்ஷல் 2203 ஆம்பில் இரண்டாவது படிக்குக் கேத்தோடில் 10 கே வைத்து வேண்டுமென்றே "குளிர", அதாவது மிகக் குறைந்த கரண்ட்டில், வைத்திருப்பார்கள். கெயினைக் கூட்டுவதைவிட, கூட்டியதை எங்கே வீசுவது என்பதுதான் பெரிய வேலை.

அதற்குப் பதில் அந்த 47 கே-யில் ஒரு சுவிட்ச் போடுங்கள். பின்னூட்டம் துண்டிக்கப்பட்டால் இரண்டரை மடங்கு உடனே திரும்பி வரும். ஈஎல்84-க்குப் போகும் 7.7 வோல்ட், 19 ஆகும். நன்றாக உடையும்.

மைக்செட்காரர் | மண்டபம் | நவம்பர் 23, இரவு 9.25

சுவிட்ச் என்றால் பெரியவர் கட்டியதும் அப்படியே இருக்கும். இதற்கு நான் ஒப்புக்கொள்கிறேன். பெடல் பேச்சை எடுக்கவில்லை.

வாடைக்காற்று | தங்கச்சிமடம் | டிசம்பர் 1, இரவு 10.50

சுவிட்ச் போட்டேன். மேலே தள்ளினால் பழைய சுத்தம். கீழே தள்ளினால், வால்யூம் ஆறிலேயே உடைகிறது. விரலை இளக்கினால் தெளிகிறது. பாஸ் கொஞ்சம் தளர்ந்துவிடுகிறது, பின்னூட்டம் ஸ்பீக்கரையும் பிடித்து வைத்திருந்தது போலும். தடித்த கம்பி களியாக இருந்ததால், முதல் கேத்தோடில் 0.68-ஐ நிரந்தரமாக வைத்து, 22-ஐ இன்னொரு சிறு சுவிட்சில் சேர்த்துக்கொண்டேன். கோயில் மண்டபத்தில் எதிரொலி அதிகம், அங்கே 0.68 மட்டும். வீட்டில் 22.

பின்னூட்ட சுவிட்சின் இருபுறமும் பென்சிலால் எழுதிவிட்டேன்: மேலே "மாமா", கீழே "மருமகன்". அத்தை பார்த்துவிட்டுச் சிரித்தார். மேலே தள்ளி மைக்கில் பேசிப் பார்க்கச் சொன்னார். பேசினேன். பேச்சு தெளிவு.

கிறிஸ்துமஸ் பாடல் பயிற்சி தொடங்கிவிட்டது. இதுவரை மருமகன் பக்கம் வைக்க பாடகர் குழுத் தலைவர் இரண்டே பாடலுக்குத்தான் அனுமதி தந்திருக்கிறார். ஒரே குறை: 22-ஐச் சேர்க்கும் சுவிட்சைத் தட்டினால் ஸ்பீக்கரில் "டப்" என்று அடிக்கிறது. பாடலுக்கு நடுவில் மாற்ற முடியவில்லை.

பழைய ரேடியோ | ராமநாதபுரம் | டிசம்பர் 2, காலை 5.45

அந்த சுவிட்சின் இரு முனைகளுக்கும் குறுக்கே 100 கே ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவையுங்கள். சுவிட்ச் திறந்திருக்கும்போதும் கண்டன்சர் மெதுவாக நிரம்பியே இருக்கும், தட்டும்போது அடிக்காது. கால் வாட்ஸ் போதும்.